அண்ணன் கையில் இருந்த சாவி

தெருவில் நடக்கும்போது இரும்பு மூடி எதைக் கண்டாலும் அண்ணன் அதைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அண்ணியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்றும் வழியில் நின்று தட்டினார். "அதுக்கும் வலிக்குதான்னு பாக்குறீங்களா?" என்று அண்ணி அந்த வலியிலும் கேட்டார்.

அண்ணன் வேலை குடிநீர் வால்வு திறப்பது. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, கீழே சதுரக் குழி. அதைத்தான் சாவி என்போம். ஊருக்கே அது ஒன்றுதான், வேலை முடிந்தால் அண்ணனோடு வீட்டுக்கு வந்துவிடும். பம்பு நிலையத்துக்கு வெளியே இரண்டு வால்வுகள், ஒன்று மேட்டுக்கு, ஒன்று பள்ளத்துக்கு. மேட்டில் இருப்பவர்கள் வேறு மொழி பேசுகிறவர்கள். நாங்கள் பள்ளம். மேட்டுக்குத் தினமும் இரண்டரை மணி நேரம் தண்ணீர். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், முக்கால் மணி. குழாய் பதித்த காலத்தில் எங்கள் பக்கம் இருபது வீடுதானாம். வீடுகள் எண்ணூறு ஆனபிறகும் அந்த உத்தரவு மாறவில்லை. குடத்தோடு வரிசையில் நிற்க ஆள் வேண்டும் என்றுதான் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.

மேட்டிலும் இல்லாதவர்கள் உண்டு. பம்பு நிலையத்தில் மோட்டார் போடுகிறவர் மேட்டுக்காரர், ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு இருந்தவர். அண்ணனுக்கு இருபது வருஷச் சிநேகிதர். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். அவர் மூன்றே வருஷத்தில் நிரந்தரமானார். அண்ணன் இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரத்துக்கான பரீட்சை அவர்கள் மொழியில் மட்டுமே நடக்கும்.

"என்ன தற்காலிகம், டீ சாப்பிட்டியா?" என்பார் மோட்டார்காரர், எங்கள் மொழியில்.

"நிரந்தரம் வாங்கிக் குடுத்தா சாப்பிடுவேன்."

அண்ணன் அங்கே சிரித்துவிட்டு வருவார். வீட்டில் உட்காரமாட்டார். தட்டைக் கையில் ஏந்தி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார்.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தார் மூன்று மனு கொடுத்தார்கள். பதில் அவர்கள் மொழியில் வந்தது. படித்துச் சொல்ல மோட்டார்காரரிடமே போனார் அண்ணன்.

"ஆலோசிச்சுட்டு இருக்காங்களாம். போன தடவை வந்த அதே கடுதாசிதான், தேதி மட்டும் புதுசு" என்றாராம் அவர்.

அதற்குப் பிறகுதான் மைக் எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் ஒலிபெருக்கியை விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். கூட நாலு பேர்.

"அண்ணே, சாவியக் குடுங்க. ஒரு வாரம் அவங்களும் குடத்தத் தூக்கிட்டு நிக்கட்டும்."

"அங்கயும் பிள்ளைங்க இருக்கு தம்பி."

"நீங்க யாரு ஆளு? அவங்க ஆளா, நம்ம ஆளா?"

"வால்வு ஆளு" என்றார் அண்ணன். வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மைக் சிரிக்கவில்லை.

அண்ணன் அன்று முழுக்க நடந்தார். மறுநாள் எங்கள் முறை இல்லை. ஆனாலும் மேட்டு வால்வை ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிட்டு எங்களுடையதைத் திறந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கொஞ்சம் கொடுத்தால் எங்கள் இளவட்டங்களின் கோபம் ஆறும், மேட்டில் ஒரு மணி நேரக் குறைச்சல் தெரியாது என்று நினைத்திருக்கிறார். எங்களுக்கு முக்கால் மணி எப்படி மனப்பாடமோ, அப்படியே அவர்களுக்கு இரண்டரை மணி என்பதை அவர் யோசிக்கவில்லை.

காலை ஒன்பதுக்குள் "தண்ணிய நிறுத்திட்டாங்க" என்று மேட்டில் பேச்சு. பத்துக்குள் அது "விஷம் கலந்துட்டாங்க" என்றானது. நண்பகலில் பாலத்தடியில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. எங்கள் பக்கத்திலிருந்து பதிலுக்குப் போனவர்கள் மேட்டின் முதல் தெருவைக் கொளுத்தினார்கள். அதே வாரம் பக்கத்து ஊர்களிலும் பற்றிக்கொண்டது. ஓர் ஊரில் காரணம் கல்லூரி இடம், இன்னோர் ஊரில் போலீஸ் வேலை. எங்களுக்குத் தண்ணீர்.

கடைகள் எரிந்துகொண்டிருக்கும்போதே மைக் மறுபடி வந்தான். "இப்பவாவது குடுப்பீங்களா? அரை மணி நேரத்துல வர்றேன். மேட்டுக்கு இனிமே ஒரு சொட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் பின்வாசலில் மோட்டார்காரர் நின்றார். தலையில் துண்டு, சட்டை முழுக்கக் கரி. முள்வேலி வழியாக வந்திருந்தார்.

"சாவியக் கொண்டாடா. உங்காளுங்க கைக்குப் போனா மேட்டுல ஆஸ்பத்திரி நாளைக்குள்ள காஞ்சிரும். எங்காளுங்க உன்னத் தேடித்தான் வந்துட்டிருக்காங்க. சாவி எங்கிட்ட இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவேன்."

"எங்க பக்கம் திறப்பியா?"

"நான் இருக்கிற வரைக்கும் திறப்பேன்."

அண்ணி அண்ணனின் கையைப் பிடித்தார். "மைக் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? தெருவுல நம்மள இருக்க விடுவாங்களா?"

அண்ணன் கட்டிலுக்கடியில் இருந்த சாவியை எடுத்து ஒரு பழைய போர்வையில் சுற்றினார். "இவன்கிட்டக் குடுத்தா ஒரு பக்கமாவது நிச்சயம் வரும். மைக்கிட்டக் குடுத்தா மேட்டுக்காரங்க மோட்டார நிறுத்திருவாங்க, யாருக்கும் வராது" என்றார். கொடுத்துவிட்டார்.

மைக் வந்தபோது உண்மையையே சொன்னார். அடித்தார்கள். இடது காது அன்றோடு போயிற்று.

மோட்டார்காரர் ஒன்பது நாள் எங்கள் வால்வையும் முறைப்படி திறந்தார். பத்தாம் நாள் தண்ணீர் வரவில்லை. பள்ளத்துக்குத் திறந்துவிடுகிறான் என்று அவருடைய ஆட்களே அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். இருக்கிறாரா இல்லையா, தெரியவில்லை.

சண்டை தொடங்கி இது ஏழாவது வருஷம். பம்பு நிலையத்தில் ராணுவம் இருக்கிறது. மேட்டுக்குத் தினமும் தண்ணீர் போகிறது. எங்களுக்குக் குழாயில் வருவதில்லை, வாரம் இரண்டு லாரி. மைக் போன வருஷம் மேட்டு எல்லையில் நடந்த சண்டையில் செத்துப்போனான். அண்ணனுக்கு வேலை இல்லை, அண்ணி தையல் எடுத்துத் தைக்கிறார். எங்கள் தெருவில் மூன்று வீட்டார் மட்டும் அண்ணனோடு பேசுகிறார்கள்.