ஏலத்துக்கு வந்த புடலங்காய்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை; விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாக வைப்போம், அதை ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். எங்கள் பந்தலில் பூச்சி துளைக்காமல் மிஞ்சிய ஒரே புடலங்காயைக் காணிக்கையாக வைத்திருந்தேன். அது ஏலத்துக்கு வந்தபோது கணவர் பதறி ஓடிவந்து காதில் சொன்னார்: "எட்டி, அதில நான் காலையில மருந்து அடிச்சதாக்கும்!"

பக்கத்து வீட்டு எஸ்தர் விடாமல் விலையேற்றிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் விஷம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நானே அவளுக்கு மேல் கேட்டேன். அவள் ஏற்ற, நான் ஏற்ற, சபையே சிரித்தது. கடைசியில் எனக்கே கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து குழிதோண்டிப் புதைத்தேன்.

சாயங்காலம் எஸ்தர் வந்து நின்றாள். "அக்கா, மவனுக்குப் புடலங்கான்னா உயிராக்கும். ஒரு துண்டு தருவியளா?"

காசு கொடுத்து மறைத்ததை, மண்ணைத் தோண்டிக் காட்டித்தான் அவளிடம் சொன்னேன்.