நாய் படுத்த துணி

எனக்கு அழுக்கு ஆகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அதனால் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். போர்ட் பிளேரில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. அங்கே டாலிகஞ்ச் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் துவைத்த துணி லேசில் காயாது. பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவையில்கூட வெள்ளையாகப் பூஞ்சை படியும். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அதனால் சுவரைத் துடைப்பது, தரையைத் துடைப்பது, வெயில் எட்டிப்பார்த்தால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று என் ஆயுளில் பாதி இப்படியே போயிற்று.

அந்த மகள்தான் நாய்க்குட்டி வேண்டும் என்றாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். விளையாட்டுப் பீரியடில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது ஓரமாக உட்காருகிறவள். ஓட முடியாத எனக்கு வீட்டிலாவது கூட விளையாட ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டாள். சரி, பார்க்கலாம் என்றேன். அவளுக்கு இழுப்பு, அவள் அப்பாவுக்குத் தும்மல், எனக்குக் குமட்டல். இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்.

முதலில் டாக்டரிடம் போனோம். "முடி கொட்டாத ஜாதி, ஒன்னும் பண்ணாதுன்னு சொல்லி விப்பாங்க. நம்பாதீங்க. முடி மட்டும் இல்ல, எச்சில், தோல்ல உதிர்ற பொடி, அதுதான் ஆகாது. எந்த நாய்க்கும் அது உண்டு. சிலருக்குச் சில நாய் ஒத்துக்கும், அவ்வளவுதான்" என்றார். வாங்குவதற்கு முன்னால் அந்த நாய் படுத்துப் புரண்ட துணி ஒன்றை வாங்கி வந்து, கொஞ்ச நாள் பிள்ளை இருக்கும் அறையில் வைத்துப் பாருங்கள், இன்ஹேலர் கையோடு இருக்கட்டும், மூச்சு இழுத்தால் அன்றைக்கே துணியைத் தூக்கிப் போடுங்கள் என்றும் சொன்னார். நாய் படுத்த துணி, என் வீட்டில். 

என் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒருவரைச் சொன்னாள். ஊரிலேயே குட்டி வளர்த்து விற்கிறவர். "நம்ம தமிழ் ஆளுதான், ஏமாத்த மாட்டாரு" என்றாள். தமிழ் ஆள் என்றால் ஏமாற்ற மாட்டார் என்று இந்தத் தீவில் எத்தனை பேர் எத்தனை முறை நம்பியிருப்போம்! இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.

முன் ஹால் பளபளவென்று இருந்தது. ஏசி, கண்ணாடி டீப்பாய், மல்லிகை வாசம் அடிக்கும் ஸ்ப்ரே. உட்கார்ந்த சூட்டிலேயே என் உச்சி குளிர்ந்துவிட்டது. ஆகா, நம்மைப் போல ஒரு சுத்தக்காரர் என்று நினைத்தேன். அவர் ஷிட்சூ என்ற நீள முடி ஜாதிக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்து என் மகள் மடியில் விட்டார். நெற்றி முடியைச் சேர்த்துக் கட்டி ரிப்பன் வைத்திருந்தது, உடம்பெல்லாம் பவுடர். அது அவள் கட்டைவிரலைச் சப்பியது. அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. தும்மல் இல்லை, இருமல் இல்லை.

"பாத்தீங்களா மேடம்? டென்ஷனே வேண்டாம். இந்த பிரீடுக்கு அலர்ஜியே வராது. பக்கா கேரண்டி" என்றார் அவர். என் கணவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தாய் நாயைப் பார்க்கலாமா என்றேன். தூங்குகிறது என்றார். எழுந்ததும் பார்க்கிறோம் என்றேன். தாய்க்குப் புது ஆட்களைக் கண்டால் கோபம் வரும் என்றார். சரி, அது படுத்த துணி ஒன்று கொடுங்கள், டாக்டர் கேட்டார் என்றேன். உள்ளே போனவர் மடித்த டவல் ஒன்றோடு வந்தார். முகர்ந்து பார்த்தேன். சலவைக்கடையிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

"இது துவைச்ச துணிங்க. நாய் படுத்தது வேணும்."

"அரே மேடம், யாராவது அழுக்குத் துணி கேப்பாங்களா? உங்களுக்காக சாஃப் பண்ணிக் குடுத்தா..." என்று பல்லை இளித்தார்.

கை கழுவவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இதோ இந்தப் பக்கம் மேடம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

முதலில் பினாயில். அதற்கு அடியில் வேறொன்று. மூத்திரம், அழுகின மீன், புண் எல்லாம் சேர்ந்து தொண்டைக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. ஜங்கிளிகாட் படகுத்துறையிலிருந்து மீன் அடைத்து வரும் தெர்மாகோல் பெட்டிகளை வரிசையாகப் போட்டு மேலே கம்பிவலை கட்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நாய். ஒன்றை மொட்டையாகச் சிரைத்திருந்தார்கள். உண்ணி கடித்த தோல் சிவந்து கிடந்தது. முலைகள் தொங்கித் தரையில் உரசின. காதில் ஒரு புண், அதில் ஏதோ நெளிந்தது. அது குரைக்கவில்லை. தான் பெய்த ஈரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த நிலையிலும் வாலை ஆட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. துணிக்காகப் பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். எதிலும் ஒரு கந்தல்கூடக் கிடையாது. படுத்த துணியை அவர் எங்கிருந்து தருவார்?

சாக்கடை ஓரமாகக் குனிந்து காலையில் சாப்பிட்ட இட்லியை வெளியே தள்ளினேன். பின்னால் வந்து நின்ற அந்த மனிதர், "தண்ணி வேணுமா மேடம்?" என்றார். அவர் கையால் தண்ணீரா! முகத்தில் துப்பாமல் வந்தேன், அதுவே பெரிய விஷயம்.

மகளிடம், குட்டிக்கு உடம்பு சரியில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் வழியெல்லாம் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் கால்நடைத் துறை ஆபீஸில் புகார் கொடுத்தேன். விசாரிக்க ஒருவர் போனாராம். முன் ஹாலில் ஏசியில் உட்கார்ந்து டீ குடித்தாராம். எல்லாம் சாஃப் சுத்ரா, படு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து சீட்டுக்காரி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். நம்ம ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். தூ!

அதற்குப் பிறகு ஆபீஸ் வேலையாக நான் நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்குப் போகவேண்டி வந்தது. அங்கே ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர் ஒரே ஒரு ஷிட்சூ வைத்திருக்கிறார், அது குட்டி போட்டிருக்கிறது என்றார்கள். போன் செய்தேன். "பிள்ளைய முதல்ல கூட்டிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க" என்று அதட்டினார், நான் ஏதோ வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாதிரி.

அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்ல? சோபாவில் முடி. பாயில் முடி. எனக்குக் கொடுத்த டீ டம்ளரின் விளிம்பில் ஒரு முடி. ஹெட்மிஸ்ட்ரஸ் தின்ற பிஸ்கட்டின் மறுபாதியைத் தாய் நாய் அவர் கையிலிருந்தே கவ்வியது, அந்தக் கையை அவர் கழுவவில்லை. குட்டிகள் என் புடவைத் தலைப்பை இழுத்து அதிலேயே ஒன்றுக்குப் போயின. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் தாய் நாய் கொழுகொழுவென்று இருந்தது. கூப்பிட்டால் ஓடி வந்தது, காதைத் திருப்பிப் பார்க்க விட்டது. மூலையில் பழைய பெட்ஷீட் ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தார், அதுதான் அதன் படுக்கை.

நான் கேள்வி கேட்கப் போனேன், அவர்தான் என்னைக் கேட்டார். யாருக்கு இழுப்பு, எப்படி வரும், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் நாயை என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, டாக்டர் சொன்ன துணி விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெட்ஷீட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அரிசி வந்த பிளாஸ்டிக் பையில் திணித்து என் கையில் கொடுத்தார். காய்ந்த பால், எச்சில், முடி, எல்லாம் இருந்தது.

"துவைக்கக் கூடாது. வெயில்ல போடக் கூடாது. மூச்சு இழுத்தா உடனே எடுத்துடணும். ஒத்துக்கிட்டா குட்டி, இல்லன்னா கிடையாது. கெஞ்சினாலும் தர மாட்டேன்."

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெங்காலி அம்மாள், "க்யா லாயா? மச்லி?" என்று கேட்டுவிட்டு வேறு சீட்டுக்குப் போனார். மீனாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

துணியை மகளின் மேஜைமேல், அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீடே நாறியது. சாதத்தில் அந்த வாடை, காப்பியில் அந்த வாடை. கணவர் தும்மித் தும்மி மாத்திரை போட்டுக்கொண்டார். "எனக்குப் பரவால்ல, பாப்பாவுக்கு வரலையே, அது போதும்" என்றார். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. காலையிலும் மாலையிலும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனில் சொன்னபோது, "இன்னும் கொஞ்ச நாள்" என்றார். மகள் குட்டிக்குப் பேர் வைத்துவிட்டாள். போகப்போக அந்த நாற்றமும் எனக்கு உறைக்கவில்லை. பரவாயில்லையே, நாமும் தேறிவிட்டோமே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மேஜையைத் துடைப்பதற்காக அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கினேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை வாசம். எங்கள் வீட்டுத் துணி சோப்பு. மேலே பழுப்பாக இருந்தது நாயின் அழுக்கு இல்லை, எங்கள் வாசலில் கிடக்கும் செம்மண். விரலால் தேய்த்திருந்தது அப்படியே தெரிந்தது.

அவள் பையில் இருந்த இன்ஹேலரை எடுத்து ஆட்டினேன். துணி கொண்டுவந்த அன்றைக்குப் புதிதாக வாங்கியது. காலியாக இருந்தது.

கூப்பிட்டுக் கேட்டதும் உடைந்துவிட்டாள். வைத்த முதல் நாளே நெஞ்சு அடைத்ததாம். எங்களிடம் சொன்னால் குட்டி கிடைக்காதே. வாய்க்குள் போர்வையைத் திணித்துக்கொண்டு இருமினாளாம், நான் முதுகில் காது வைக்க வருவதற்கு முன்னால் இன்ஹேலரை அடித்துக்கொண்டாளாம். அப்படியே ஓட்டிப் பார்த்தாளாம், முடியவில்லை. பிறகு ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் துணியைத் துவைத்து பிரிட்ஜுக்குப் பின்னால் காயப்போட்டாளாம். மழைக்காலத்தில் நான் ஆபீஸ் புடவையைக் காயப்போடும் இடம் அது. காய்ந்ததும் மண்ணைப் பூசியிருக்கிறாள்.

அந்தத் துணியின் நாற்றத்தில் வராத குமட்டல் அந்தச் சோப்பு வாசத்தில் எனக்கு வந்தது. என் பிள்ளை மூச்சு முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள், நான் பக்கத்து அறையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பயமா கோபமா என்று தெரியாமல் கத்தினேன். "அந்த ஆளும் நீயும் ஒன்னுடீ! துவைச்ச துணியக் காட்டி ஏமாத்துற!"

அவள் முன்னாலேயே ரங்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  "அப்ப குட்டி இல்ல. பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் போனை வைத்துவிட்டார். நாங்கள் பார்த்தவர்களில் எங்களுக்கு விற்க மாட்டேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அது ஒன்றுக்காகவே அந்த முடி மிதந்த டீயை இன்னொரு தரம் குடிப்பேன்.

டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி வந்தோம். வீடு வந்ததும் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "ம்மா, அந்த ஏசி வீட்டு அங்கிள் குட்டி மடியில இருந்தப்ப எனக்கு ஒன்னுமே ஆகலயே. அத வாங்கலாமே?"

"அன்னைக்குக் காலைல குளிப்பாட்டி வெச்சிருந்தான்டீ. நாளைக்கு அதுக்கும் உனக்கு இப்படித்தான் இழுக்கும்."

"அந்த அங்கிளும் என்ன மாதிரி ஏமாத்தினாரா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று பார்த்ததை எல்லாம் சொன்னேன். மீன் பெட்டி, கம்பிவலை, மொட்டை அடித்த தாய் நாய், காதுப் புண். நெளிந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அம்மா நாய் இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கும்."

"அது எதுல படுக்கும்?"

"எதுலயும் இல்ல. ஈரத்துலதான்."

அவள் எழுந்து போய் மேஜைமேல் இருந்த துணியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. செம்மண் போக அலசி, பிழிந்து, பிரிட்ஜுக்குப் பின்னால் விரித்தாள். மறுநாள் மத்தியானம் காய்ந்ததும் நாலாக மடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இத அந்த அம்மா நாய்க்குக் குடுத்துரும்மா. நான்தான் நல்லா துவைச்சிருக்கேனே."

அந்தப் பின்கதவு, அந்தச் சாக்கடை, அந்த மனிதரின் பல், எல்லாம் கண்முன்னால் வந்தன. அந்தத் துணியையும், மூக்கைப் பொத்த ஒரு கர்சீப்பையும், இந்தத் தடவை புகாரோடு கொடுக்கப் படம் பிடிக்க செல்போனையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.