ராவாம உக்காந்த பிரேக் பேட்

எனக்கு எழுத வராது. நான் பேசறேன், போன் எழுதிக்குது.

என் பொண்ணு தினம் லாரிங்களுக்கு நடுவுல வேலைக்கு ஓட்டிக்கினு போற பைக். காலையில ஒரகடத்துல முன் பிரேக் பேட் மாத்தக் குடுத்தேன். புது பேட், அதப் பிடிச்சிருக்குற காலிபருக்குள்ள உக்காரல. மெக்கானிக் பேட் ஓரத்த ராவறதுக்கு அரம் எடுத்துட்டான்.

"ராவாதப்பா. போன ஆடியில வல்லத்துல வண்டி விழுந்தப்போ, வேற வண்டி காலிபர் மாட்டினாங்க. அந்த வண்டியோட பேட் எடு."

"டப்பாவுல இந்த வண்டி பேருதான் கீது. படிச்சுப் பாரு பெருசு."

"படிக்கத் தெரியாது. கழட்டின பழச பக்கத்துல வெச்சுப் பாரு."

வெச்சான். ரெண்டும் வேற வேற வடிவம். உள்ள போயி வேற பேட் எடுத்தாந்தான். கையாலயே உக்காந்துது. வண்டிய ஓட்டி, மெதுவா நாலஞ்சு தரம் பிரேக்க பிடிச்சு விட்டு, அப்புறம் அழுத்தினேன். வண்டி கம்முனு நின்னுது.

மெக்கானிக் கிட்ட வந்தான். "ஐயா, இன்னும் ரெண்டு வண்டி இதே மாதிரி பேட் உக்காராம நிக்குது. நாளைக்கு வந்து பாக்கறீங்களா?"

நாளைக்கே போறதா, இன்னும் கொஞ்சம் கெஞ்ச வுடறதா? நீங்களே சொல்லுங்க.