ஆல்பத்தில் இல்லாத கட்டி

"வலப்புருவ ஓரத்தில் சின்னத் தடிப்பு. கொசுக்கடியாக இருக்கலாம்." என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கோயிலில் பங்குனி உத்திரச் சேர்த்தி உற்சவத்துக்கு மறுநாள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நான் எழுதிய நாட்குறிப்பு வரி இது. மூன்று வருடம் கழித்து இந்த வரியைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் ஒரு மருத்துவமனையில் போய் நின்றேன்.

தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். காவிரியில் தண்ணீர் வந்த நாள், எங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்த நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். மகளின் புருவத்துத் தடிப்பு கொசுக்கடி இல்லை. அது போகவே இல்லை. வலியில்லாமல், உருண்டையாக, தோலுக்கடியில் இருந்தது. அவளே அதற்குப் 'பட்டாணி' என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த வருடம் அது கொஞ்சம் பெரிதானது போலத் தோன்றியதால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போனோம்.

அவர் பொறுமையானவர். கருவிலேயே தோலின் ஒரு துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு இப்படிக் கட்டியாவதுண்டு, பெரும்பாலும் பயமில்லை என்றார். பிறந்ததிலிருந்தே இருந்து மெதுவாக வளர்ந்ததென்றால் அவசரமில்லை, நிதானமாக அறுவை சிகிச்சையை முடிவு செய்யலாம். சமீபத்தில் வந்து வேகமாக வளர்ந்ததென்றால் உடனே மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். என் நாட்குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கொசுக்கடின்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார். ஒரு வயசுக்குள்ள எடுத்த போட்டோ ஏதாவது கொண்டு வாங்க, அப்போ எவ்வளவு இருந்துதுன்னு பார்த்தா போதும்."

இதிலென்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் காலத்து என் போன் மழையில் நனைந்து செத்துப் போயிருந்தது. மனைவியின் போன், எடுக்கும்போதே முகத்தை வழவழவென்று மெழுகிவிடும் வகை. அதில் கட்டியும் இல்லை, மகளின் மூக்கின் மேலிருந்த மச்சமும் இல்லை. பரவாயில்லை, ஆண்டு நிறைவுக்கு ஆல்பம் போட்டிருக்கிறோமே என்று அதை எடுத்தேன். என் அக்கா அன்பளிப்பாகச் செய்து கொடுத்த தடித்த ஆல்பம்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பட்டுப் பாவாடையில், தாத்தா மடியில், வாழையிலைக்கு முன்னால். ஒரு படத்தில்கூட புருவ ஓரத்தில் எதுவும் இல்லை. அப்படியானால் அன்று நான் எழுதியது வெறும் கொசுக்கடிதானா, இது புதிதாக வந்ததா?

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் படத்தின் மேல் விரலை வைத்தாள். "அப்பா, இந்தப் பாப்பாவுக்குப் பட்டாணி எங்கே?"

படத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் மறைக்கவெல்லாம் இல்லை.

"ஸ்டூடியோவுல சொல்லி எடுத்துடச் சொன்னேன்டா. லட்சணமான முகத்துல அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுது. பொண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் பார்க்கற ஆல்பம்."

"அப்போ அது எவ்வளவு பெரிசா இருந்துதுன்னு டாக்டர் படத்துல பார்க்கணுங்கறார். நான் எதைக் காட்டறது?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சேன்."

நல்லதாம். ஒரு வயதுக் குழந்தைக்குக் கல்யாணச் சந்தையை நினைத்து முகத்தைத் திருத்தியிருக்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரையில் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். திருத்தாத படங்களைக் கேட்டேன். ஆல்பம் கொடுத்ததும் அழித்துவிடுவார்களாம். "கட்டியோட இருக்கற படத்தை வெச்சுக்கிட்டு யாரு சார் என்ன பண்ணப் போறாங்க?" என்று கடைக்காரர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவர்மேல் கத்தினேன். கத்தியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

கடைசியில் அகப்பட்டது, குழந்தையின் ஆதார் அட்டை. முதல் பிறந்த நாளுக்கு முன்பே எடுத்தது. வாயைத் திறந்து அழுதுகொண்டிருப்பாள். உறவினர்கள் எல்லோரும் கேலி செய்யும் படம். யாரும் அழகுபடுத்தாத ஒரே படமும் அதுதான். வலப்புருவ ஓரத்தில் ஒரு கருமை தெரிந்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி, கிட்டே வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டியாக இருக்கலாம், ஆனால் அளவு தெரியாமல் இதையும் அக்காவின் வாய்வார்த்தையையும் நம்பி முடிவெடுக்க மாட்டேன் என்றார். கணினியில் பெரிதாக்கியபோது அது கட்டம் கட்டமாகச் சிதறிப் போயிற்று.

ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். காலையிலிருந்து பாலும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது. "ஒரே ஒரு வாய்" என்று அவள் கெஞ்சிக் கெஞ்சி, பிறகு கெஞ்சுவதையும் விட்டுவிட்டாள். மயக்க மருந்து ஏறியதும் கழுத்து துவண்டு என் கையில் சாய்ந்தது. அந்தக் கனம் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. கூடம் முழுக்கக் குழந்தையின் படங்கள் மாட்டியிருக்கும் வீட்டில், ஒரே ஒரு உண்மையான படம் இருந்திருந்தால் அன்றைக்கு இது வேண்டியிருக்காது.

கட்டி எலும்புக்குள் இறங்கவில்லை என்று முடிவு வந்தது. வரும் கோடை விடுமுறையில், புருவ முடிக்குள்ளேயே கீறி எடுத்துவிடலாம் என்கிறார்கள். செய்தி கேட்டு வந்த அக்கா முதலில் சொன்னது, "தழும்பு தெரியாதாமே, அதுவே போதும்." நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவளிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருந்தபடி பார்க்க மனமில்லாத அன்பு என்ன செய்யும் என்று அந்த ஆல்பம் எனக்குக் காட்டிவிட்டது. அந்தக் கோபம் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை; ஆனால் ஆதார் படத்தில் மகளின் புருவத்தோரம் தெரியும் அந்தக் கருமை கட்டியா, வெறும் அச்சு மையா என்பது மட்டும் இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.