சிக்காகோ பிலாவு

எங்கள் தெருக்காரர் ஒருவர் இரண்டு வருஷம் சிக்காகோவில் இருந்துவிட்டு வந்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மிஷன்காரர்கள் அவரைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். அங்கே என்ன படித்தார் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது.

"எங்க பிளாக்குல முப்பது வீடு. ஒரு வீட்டுக்கும் முன்னால மதில் கெடையாது, எல்லாம் புல்லு. துணி, நெல்லு, கோழி ஒண்ணும் வெளிய கண்ணுல படாது."

முதல் தடவை இதைக் கேட்ட பலசரக்குக் கடைக்காரர் உண்மையான கவலையோடு, "ஒரு பிலாவுக்குக் கீழ முப்பது வீடா சாரே? சக்க விழுந்தா மண்டை என்னத்துக்கு ஆவும்?" என்றார். எங்கள் பக்கத்தில் பலாமரத்துக்குப் பிலாவு என்றுதான் பெயர். சார் சிரிக்கவில்லை. நாலு பக்கமும் தெரு ஓடும் வீட்டுக்கூட்டத்துக்குப் பிளாக் என்று பெயர் என வெகுநேரம் விளக்கினார். கடைக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பெயர் பிலாவு சார் ஆகிவிட்டது.

முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள்தான் முகத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். எங்கள் தெருவின் லட்சணம் அது. ஒரு வக்கீல் குமஸ்தா வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்தார். சார் தன் வீட்டு மதிலை இடித்து, மலைத் தோட்டத்திலிருந்து புல் கொண்டுவந்து நட்டார். சித்திரை வெயிலில் கிணற்றடியில் பெண்கள் குடத்தோடு காத்து நிற்க, அவர் வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாடு வாய் வைக்காமலிருக்க ஓர் ஆளைக் காவலுக்கும் வைத்தார். மதில் இருந்திருந்தால் அந்த ஆள் தேவையில்லை என்பது அவ்வளவு படித்தவருக்குத் தோன்றவில்லை.

பிறகு தெருவுக்கு ஒரு சங்கம் வந்தது. தெருவில் இனி யாரும் எதுவும் காயப்போடக் கூடாது என்பது அதன் முதல் தீர்மானம். கடைசித் தீர்மானமும் அதுதான்.

என் அம்மை நெல் அவித்து, அரிசியாக்கி, வீடு வீடாக விற்று எங்களைக் காப்பாற்றி வந்தாள். நாங்கள் இருந்தது ஒற்றை அறை வாடகை வீடு. முற்றம் கிடையாது. வாசலுக்கு நேரே தெருவில் விழும் வெயில்தான் அவளுக்கு வயல். தீர்மானத்தைச் சொல்ல குமஸ்தா வந்தார்.

"முத்தமில்லாதவ நான் நெல்ல எங்க விரிப்பேன்? மண்டையிலயா?" என்றாள் அம்மை.

"வேற எடம் பாரும்மா. தெரு எல்லாருக்கும் உள்ளது."

"எல்லாருக்கும் உள்ளதுன்னா எனக்கும் உள்ளதுதானே?"

குமஸ்தா இருமினார். நியாயம் தட்டுப்படும் இடத்தில் அவருக்கு எப்போதும் இருமல் வரும்.

அம்மை நெல்லைக் குளத்தங்கரைக்குச் சுமந்தாள். அங்கே காக்கைத் தொல்லையும் உண்டு, ஆட்டுத் தொல்லையும் உண்டு. அரிசியில் ஆட்டுப்புழுக்கை கிடக்கிறது என்று சொல்லிப் பாதி வீடுகள் வாங்குவதை நிறுத்தின. அவளைக் குளத்தங்கரைக்குத் துரத்தியவர்கள்தான் முதலில் மூக்கைப் பிடித்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் எங்கள் அடுப்பில் அவிக்க நெல் இருக்காது.

அப்போதுதான் சாரின் சிக்காகோ தெருவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரி, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வந்த வழியில் அவரையும் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் குளத்தங்கரை சேறாகிக் கிடந்தது. அம்மையோ நெல்லை அவித்து இறக்கிவிட்டாள். பேசாமல் பாயை எடுத்துத் தெருவில் விரித்தாள். குமஸ்தா ஓடி வந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது மானத்தக் காப்பாத்தப்பிடாதா?"

"அவிச்ச நெல்லு. வெயிலு காணலேன்னா நாறிப்போவும். அவ வேணும்னா சுத்திப் போவட்டு."

அதற்குள் கார் வந்து நின்றது. வெள்ளைக்காரி இறங்கி, சார் வீட்டுப் புல்லை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே அம்மையின் பாய் அருகே வந்தாள். அம்மை காலால் நெல்லைத் துழாவி நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் நடக்கலாமா என்று சைகையில் கேட்டாள். "நடந்துக்கோ மக்கா, காலு சுத்தமா இருக்கா?" என்றாள் அம்மை.

நடந்துகொண்டே அவள் சாரிடம் இங்கிலீஷில் பேசினாள். எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான், ஆனாலும் புரிந்தது. அவர்கள் பிளாக்கில் திங்கட்கிழமைதோறும் கொல்லைப்புறம் முழுக்க, வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் துணி தொங்குமாம். சார் தங்கியிருந்தது அவள் அப்பா வீட்டில், தரைக்குக் கீழே கரி கொட்டும் அறையை ஒட்டிய அறையாம். அங்கே ஜன்னல் இல்லாததால் வெளியே ஒன்றும் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லி அவள் சிரித்தாள்.

"என்ன சொல்லுதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நான் இருந்த வீடு நல்ல குளுமையான வீடுன்னு சொல்லுதாங்க," என்றார் சார்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. அன்று சிரிப்பை அடக்குவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

வெள்ளைக்காரி செருப்பைக் கழற்றியதோடு நெல் காயப்போடுவது நாகரிகமாகிவிட்டது. ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பாய். முற்றமும் கொல்லையும் உள்ளவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெருக்கோடி வக்கீல் வீட்டில் கொப்பரை, குமஸ்தா வீட்டில் மரச்சீனிக்கிழங்கு வற்றல். ஜென்மத்தில் நெல் அவித்தறியாத ஒரு வீட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு நேரே மிளகாயைக் கொட்டிப் பரப்பினார்கள். கேட்டதற்கு, தெரு எல்லாருக்கும் உள்ளது என்றார்கள். விரட்டியபோதும் அம்மைக்கு இடமில்லை, அனுமதித்தபோதும் இடமில்லை.

ஆவி பறக்கும் நெல் நிறைந்த பனையோலைக் கடவத்தோடு அம்மை தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். காலியாகக் கிடந்தது ஒரே இடம், சார் வீட்டுப் புல். நேரே அங்கே போனாள். சார் வாசலில் நின்றிருந்தார்.

"சாரே, ஒங்க பிலாவு சும்மாத்தான கெடக்கு. ரெண்டு பாயி விரிக்கட்டா?"

சார் தெருவைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரியே கால் வைத்த நெல்லை வேண்டாம் என்று அவர் எந்த வாயால் சொல்வார்? அவர் இருமினார். அந்த வியாதி அவருக்கும் தொற்றியிருந்தது. அம்மை அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பாயை உதறினாள்.

பாய்க்கு அடியில் புல் வெளுத்து, பிறகு மஞ்சளாகி, ஆவணிக்குள் வெறும் செம்மண் ஆயிற்று. காவலுக்கு இருந்த ஆள் காக்கை விரட்டினான். மதில் மறைக்காத, நாள் முழுக்க வெயில் விழும் இடம். தெருவிலேயே நல்ல களம் அதுதான்.