பியானோ துடைத்தவரின் மகள்

நான் இருக்கும் நார்வேயின் பெர்கன் நகரத்தில் எப்போதும் மழை. மழையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு ஓலாவ் என்பவரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏப்ரல் பிறந்ததும் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு பித்தளைக் கொம்பை எடுத்து ஊத ஆரம்பித்துவிடுவார். ஊதுவது பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. "பா பா" என்று இரண்டு சத்தம், ஒரு இடைவெளி, மறுபடியும் "பா பா". திடீரென்று நீண்ட மௌனம். முடித்துவிட்டார் என்று நான் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் பார்த்து மறுபடியும் "பா பா". திருநெல்வேலி டவுணில் என்றால் இரண்டாம் நாளே யாராவது கதவைத் தட்டி, "அண்ணாச்சி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அதனால் நான் கேட்டேன்.

மாடிப்படியில் மடக்கி, "அது என்ன பாட்டு?" என்றேன். அவர் மகிழ்ந்து போனார். நான் ரசித்துக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. மே மாதத்துத் தேசிய நாள் ஊர்வலத்தில் அவருடைய கோர்ப்ஸ், அதாவது எங்கள் வட்டாரத்து வாத்தியக் குழு, வாசிக்கப்போகும் அணிவகுப்பு இசை என்று பெயரைச் சொன்னார். அது எனக்குத் தெரிந்த மெட்டு. "அது இப்படி இருக்காதே? மெட்டை வாசித்துக் காட்டுங்களேன்" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "மெட்டு மற்றவர்களுக்கு. என் தாளில் அது இல்லை" என்றார். இத்தனை வருடமாக அந்தப் பாட்டில் இந்த "பா பா" மட்டும்தான் வாசிக்கிறாராம். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'என் தாளில் அது இல்லை' என்பதைத் தமிழில் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று சிரித்தேன்.

என் அப்பா சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியாரிடம் கற்றுக்கொண்டு, இருபது வயதில் ரயிலேறியவர். அம்மாவும் நானும் டவுணில் மாமா வீட்டோடு இருந்தோம். அப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வாசித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒரே ஆள் எல்லா வாத்தியத்தையும் வாசிக்கும் காலம் வந்தபோது, அவர் ஒரு தோல்பெட்டியோடு ஊருக்கே திரும்பிவிட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. மாமா தன் துணிக்கடையில் அவரை வேட்டிப் பகுதியில் உட்கார வைத்தார்.

அந்த வருடமே மாமா மகள் கல்யாணம். வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருந்தது. மாமா மைக்கைப் பிடுங்கி, ஊரே முணுமுணுக்கும் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். "இந்தப் பாட்டுக்கு எங்க மாப்ளதான் பியானோ. மாப்ள, மேல ஏறி வாரும். நீரு வாசிச்சத அப்படியே வாசிச்சுக் காட்டும்."

அப்பா மேடையேறி, அங்கிருந்த கீபோர்டின் முன் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் நாலு தட்டு தட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. மண்டபம் காத்திருந்தது. ஒரு குழந்தை அழுதது. திடீரென்று மேலிருந்து கீழே விரலை ஒருமுறை ஓடவிட்டார், மறுபடியும் மடியில் கை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. குழுவின் கீபோர்டுக்காரன் இரக்கப்பட்டு, நின்றபடியே அந்தப் பாட்டை முழுக்க வாசித்துவிட்டான். நல்ல கைதட்டல். "மாப்ள அங்கன பியானோவத் தொடச்சிக்கிட்டு இருந்திருப்பாரு போல வே" என்றார் மாமா, மைக்கிலேயே. அப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டும் பிடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உள்ளதச் சொல்லுங்கப்பா. அங்கன என்ன வேல பாத்தீங்க?"

"பியானோ வாசிச்சேன்."

"பின்ன ஏன் பாட்டு வரல?"

"பாட்டு என் தாள்ல இல்லம்மா. எழுதித் தந்தத வாசிப்போம், மிச்ச நேரம் எண்ணிக்கிட்டு இருப்போம். நான் வாசிச்சதத்தான மச்சான் வாசிக்கச் சொன்னாரு? அடுத்தவன் வாசிச்சத நான் எப்படி வாசிக்க?"

நான் சிரித்தேன். இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லக்கூடாதா என்றும் கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அந்தக் கேலியை ஊர் பரப்பியதைவிட நான் பரப்பியது அதிகம். கல்லூரியில் யாராவது கேட்கும் முன்பே, "எங்கப்பா பியானோ தொடச்சவரு" என்று நானே சொல்லி நானே முதலில் சிரிப்பேன். என் காதுபடப் பிறர் சிரிப்பதைவிட அது எனக்கு வசதியாக இருந்தது. அப்பாவின் காதுக்கும் அது போயிற்று. அவர் பாட்டுக்கு வேட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

ஓலாவ் சொன்ன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிசம்பரில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். பாவத்தைக் கழுவத் தாமிரபரணிக்குப் போகிறவர்கள் உண்டு, நான் மாமாவின் துணிக்கடைக்குப் போனேன். அப்பா பக்கத்தில் இருக்க, மாமாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு மட்டும்தான் தாளில் இருக்கும், அன்று அப்பா வாசித்ததில் ஒரு தப்பும் இல்லை என்றேன். மாமாவுக்கும் வயதாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியா மாப்ள? நாந்தான் புரியாம பேசிட்டேனா?" என்றார். குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது.

அப்பா கையிலிருந்த வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார். "அதெல்லாம் இல்ல மச்சான். பிள்ள சும்மா சொல்லுதா. நான் அங்கன தொடச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மாமாவுக்கு உயிர் வந்தது. சிரித்து, எல்லாருக்கும் காப்பி சொன்னார்.

ரதவீதியில் நடக்கும்போது அழுதுகொண்டே கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"மச்சான் நம்பணும்னு நான் ஒருநாளும் நெனைக்கல. நீ நம்பணும்னு நெனச்சேன்."

"இப்ப நம்புதேம்லாப்பா."

"நான் சொன்னப்ப நம்பல. ஒரு வெள்ளக்காரன் சொன்னதும் நம்பிட்ட. அவன நம்புத, என்னைய இல்ல." கோபமே இல்லாமல், கடையில் வேட்டிக்கு அளவு சொல்வது போலச் சொன்னார். டவுண் பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஏறி, எனக்கும் இடம் பிடித்துவைத்தார்.

பெர்கனுக்குத் திரும்பியதும் ஓலாவ் காப்பிக்கு வந்தார். அப்பாவைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்ததால், அப்பா பியானோ வாசித்த அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. மேசையில் விரலால் எண்ணிக்கொண்டே இருந்தவர், பியானோ இறங்கிய இடத்தில் சட்டென்று நிமிர்ந்து, "உன் அப்பாவா?" என்றார். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. அங்கேயே ஊருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, பாட்டின் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன்.

"அப்பா, பக்கத்து வீட்டுக்காரரு கேக்காரு. இது நீங்கதானே?"



"யாருன்னு தெரியலம்மா. நல்லா வாசிச்சிருக்கான்."

ஓலாவ் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். "தான்தான் என்கிறார்" என்றேன் நார்வேஜிய மொழியில். அவர் எழுந்து நின்று, போனைப் பார்த்துக் கைதட்டினார்.

"என்ன சத்தம் அங்கன? அவருட்ட என்ன சொன்ன?" என்றார் அப்பா.

"நீங்க இல்லன்னு சொன்னேம்ப்பா."

"சரி" என்றார். "இப்பவாது நான் சொன்னத நம்புனியே."