சிவப்பு தெரியும் வரை

என் மனைவிக்கு இரண்டு கண்களிலும் பார்வை குறைந்துகொண்டே வந்தது. போன பார்வை இனித் திரும்பாது என்று கண்டியில் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனி மாத மூடுபனியில் தேயிலை மலை, பாதை, எதிர் லயத்து வீட்டு வரிசை எதுவும் அவளுக்குப் பிரிந்து தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பால்மா டின்னில் நின்ற ஜெரேனியத்தின் சிவப்பு மட்டும் தெரிந்தது. எழுந்ததும் அதைத்தான் தேடுவாள். அந்தப் பூ விடாமல் பூக்க வேண்டும்; எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மழையின் அளவைக்கூடக் கொப்பியில் எழுதுபவன். பூவையும் எழுதினேன். திங்கள் ஐந்து கொத்து, வியாழன் மூன்று, ஞாயிறு ஒன்று. பயந்துபோய் தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு கரண்டி எடுத்து டின்னில் போட்டேன். இருபத்தைந்து வருடமாகக் கொழுந்தை மட்டுமே பார்த்த புத்தி. தேயிலையில் பூவைக் கண்டால் மலையைக் கவனிக்கவில்லை என்று ஏச்சு வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம்.

இரண்டு வாரத்தில் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்தன. மொட்டு ஒன்றுகூட இல்லை. கடைசிக் கொத்தும் மழையில் அழுகிக் கொட்டியது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இலையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, கொழுந்து எடுக்கப் போறீங்களா? சொல்லுங்க, கூடையக் கட்டிக்கிறேன்."

அவள்தான் சிரித்தாள்.

ஹட்டனில் செடி விற்கும் முஸ்லிம் நானாவிடம் போய்க் கேட்டேன். "எலைக்குப் போடுறதப் போட்டுட்டு பூவக் கேட்டா எப்படிங்க?" என்றார். அவர் சொன்னபடி மண்ணை மாற்றினேன். கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்தேன். மழை படாமல் வெளிச்சம் விழும் இடத்துக்கு டின்னை நகர்த்தி, மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினேன். பூ வந்தால் வாடிய கொத்தைக் காம்போடு அடியில் ஒடித்துவிட வேண்டும், இல்லையென்றால் செடி விதை பிடிக்கப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆவணியில் இரண்டு கொத்து விரிந்தது. காலை பத்து மணி, பனி விலகியிருந்தது. டின்னைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பூத்திருச்சு."

தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"தெரியலைங்க. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு. கீழ வைங்க, கை வலிக்கும்."

அந்த ஒரு கரண்டியைப் போடாமல் இருந்திருந்தால் ஆடியிலேயே பூத்திருக்கும். ஆடி முழுக்க அவளுக்குச் சிவப்பு தெரிந்தது. எதிர் லயத்துக் கொடியில் கிடந்த சேலையைக் காட்டி, "அது செவப்புத்தானே?" என்று கேட்டிருக்கிறாள்.